வெண்டைக்காய் மசாலாப் பொரியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்டைக்காயை நறுக்கி, தாளித்த எண்ணெயில் வதக்கி, பொடிகளைத் தூவி இறக்கும் எளிய தொடுகறியைப் பற்றியது இப்பக்கம். காய், எண்ணெய், உப்பு, சில பொடிகள் என்று அஞ்சறைப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிற வேலைதான். ஆயினும் ஒரே செய்முறையைப் பின்பற்றுகிற இருவரில் ஒருவருக்கு உதிரி உதிரியாகவும் மற்றவருக்குக் கொழகொழவென்றும் வருவதுண்டு. அதைக் கைப்பக்குவம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். காயிலுள்ள நீர் எந்தக் கட்டத்தில் வெளிவருகிறது, வெளிவந்தது ஆவியாகப் போகிறதா அல்லது வாணலியிலேயே தங்குகிறதா என்று கவனித்தால், அந்தப் பக்குவத்தின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். கீழே உள்ள விடைகளில் பல இந்த நீரைச் சுற்றியே வருகின்றன.

அடிப்படைச் செய்முறை என்ன?

இரண்டு அல்லது மூன்று பேருக்கு 250 கிராம் பிஞ்சு வெண்டைக்காய் போதும். கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, காம்பையும் நுனியையும் நீக்கி, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக நறுக்கிக் கொள்ள வேண்டும். அகலமான வாணலியில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, அரைத் தேக்கரண்டி கடுகைப் பொரியவிட்டு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பருப்பு முழுதாகச் சிவப்பதற்கு முன்பே, இளம்பொன் நிறம் தொடங்கும்போதே காயைப் போட்டுவிடுவது நல்லது; காயோடு சேர்ந்து அது இன்னும் பத்து நிமிடம் வாணலியில் இருக்கப் போகிறது.

காயைப் போட்டவுடன் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளைத் தூவி, எண்ணெய் எல்லாத் துண்டுகளிலும் படும்படி ஒரு முறை புரட்டிவிட்டு, மிதமான தீக்குச் சற்று மேலாக வைத்து, மூடாமல் வதக்க வேண்டும். 10 முதல் 12 நிமிடத்தில் கொழகொழப்பு அடங்கி, துண்டுகள் சுருங்கி, ஓரங்கள் சிவக்கத் தொடங்கும். அப்போது தீயைக் குறைத்து, அரைத் தேக்கரண்டி உப்பு, அரை முதல் முக்கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி மல்லித்தூள், கால் தேக்கரண்டி சீரகத்தூள் ஆகியவற்றைத் தூவிப் புரட்டி, மேலும் இரண்டு நிமிடம் விட்டு, பொடிகளின் பச்சை வாசனை போனதும் இறக்கலாம்.

வெண்டைக்காய் ஏன் கொழகொழக்கிறது?

காயின் சதையில் நீரை உறிஞ்சிப் பருக்கும் ஒருவகைக் கூட்டுச்சர்க்கரைப் பொருள் உள்ளது. காய் முழுதாக இருக்கும்வரை அது உள்ளேயே அடங்கியிருக்கும். கத்தி பட்டு உயிரணுக்கள் உடையும்போது அது கசிந்து, அருகில் கிடைக்கும் நீரில் கரைந்து, நூல் நூலாக இழுக்கும் கூழாகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த செம்பருத்தியின் இலையைக் கசக்கினாலும் இவ்வாறே வழவழப்பு வருவதைப் பார்க்கலாம்.

இந்தக் கூழை முற்றாக ஒழிக்க முடியாது. ஒழிக்க வேண்டியதும் இல்லை, ஏனெனில் அது காயிலுள்ள கரையும் நார்ச்சத்தின் ஒரு பகுதி. செய்யக்கூடியது, அதைக் கரைத்து வைத்திருக்கும் நீரை விரைவில் ஆவியாக்கி, அது துண்டுகளின் மேலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்வதுதான். வெண்டைக்காயின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர் என்பதால், 250 கிராம் காயில் ஏறத்தாழ 225 கிராம் நீர் இருக்கிறது. அது முழுவதும் போனால் மிஞ்சுவது சருகு. துண்டுகளின் வெளிப்பரப்பிலும் வெட்டுவாயிலும் உள்ள நீர் போனாலே பொரியல் உதிரியாகிவிடும். உள்ளே இருப்பது காயை வேகவைக்கப் பயன்படும்.

கழுவிவிட்டு நறுக்குவதா, நறுக்கிவிட்டுக் கழுவுவதா?

கழுவிவிட்டுத்தான் நறுக்க வேண்டும். நறுக்கிய காய் நீரில் பட்டால், அடுப்பில் ஏறும் முன்பே கூழ் உருவாகிவிடும். ஓடும் நீரில் காய்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியில் பரப்பி, அரை மணி நேரமாவது காற்றாட விடலாம். நேரமில்லாதபோது ஒவ்வொரு காயையும் துணியால் துடைக்க வேண்டும். வெண்டைக்காயின் மேல் பகுதியில், காம்பை ஒட்டிய விளிம்புக்கு அடியிலும், நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு இடையிலும் நீர் தங்கும். மேலோட்டமாகத் துடைத்தால் இந்த இரண்டு இடங்களும் தப்பிவிடுகின்றன. கத்தியும் பலகையும் உலர்ந்திருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. நறுக்கும்போது கத்தியில் கூழ் படிந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொடரலாம். குழாயடியில் நீட்டக் கூடாது.

முதல் நாள் இரவே கழுவித் துடைத்து முழுக் காயாக வைத்துவிட்டுக் காலையில் நறுக்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் ஏறக்குறைய வருவதே இல்லை.

எப்படிப்பட்ட காயைத் தேர்ந்தெடுப்பது?

நுனியை ஒடித்துப் பார்ப்பது இன்றும் நம்பத்தக்க சோதனைதான். பிஞ்சாக இருந்தால் 'டிக்' என்று ஒடியும், முற்றியிருந்தால் வளைந்து நாராகத் தொங்கும். ஒடித்துப் பார்க்க முடியாத இடத்தில், காயை விரல்களுக்கு இடையில் மெல்ல அழுத்தினால் சற்றே அமுங்கி மீள வேண்டும். கட்டையைப் போல நின்றால் விட்டுவிடலாம். ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ளவை பெரும்பாலும் இளசாக இருக்கும். ஆனால் நீளமாகவே காய்க்கும் வகைகளும் உண்டு, எனவே நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியல்ல. வெண்டை, பூத்த சில நாட்களிலேயே பறிக்கப்படும் காய். பறிப்பு ஓரிரு நாள் தள்ளிப்போனாலே நார் கட்டிவிடும். மேலே மெல்லிய பூனைமயிர் போன்ற சுணை தெரிவது புதுக்காயின் அடையாளம்.

கறுத்த புள்ளிகளும் சுருங்கிய காம்பும் பழைய காயைக் காட்டும். சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கலாம். அத்தகைய காயை வில்லையாக அரியாமல் முதலில் நீளவாக்கில் பிளந்து பார்ப்பது பாதுகாப்பானது, ஏனெனில் வில்லையாக அரிந்தால் புழு போன பாதை ஒரு கறுப்புப் பொட்டாக மட்டுமே தெரிந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

முற்றிய காயை இந்தப் பொரியலில் சேர்த்து ஈடுகட்ட முடியாது. எவ்வளவு வதக்கினாலும் நார் நாராகவே இருக்கும்.

எந்த அளவில் நறுக்க வேண்டும்?

மிகப் பொடியாக நறுக்கினால் வெட்டுவாய்கள் பெருகும், கூழும் பெருகும். மிகப் பெரிதாக நறுக்கினால் வெளிப்புறம் சிவந்த பிறகும் உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. மொறுமொறுப்பு விரும்புபவர்கள் காயை நீளவாக்கில் நான்காகப் பிளந்து குச்சிகளாகச் செய்யலாம். விதைப்பகுதி திறந்துகொள்வதால் அது விரைவில் உலரும், ஆனால் விதைகள் எண்ணெயில் உதிர்ந்து வெடிப்பதும் உண்டு.

உப்பை எப்போது சேர்ப்பது?

கடைசியில். உப்பு காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். முதலிலேயே சேர்த்தால் வாணலி இன்னும் ஈரமாக இருக்கும் கட்டத்தில் மேலும் நீர் சேர்ந்துவிடும். ஓரங்கள் சிவந்த பிறகு சேர்த்தால், வெளிவரும் சிறிதளவு நீர் சூட்டில் உடனே போய்விடும். அந்த ஈரத்திலேயே பொடிகளும் காயில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெண்டைக்காய் வதங்கும்போது அளவில் பாதியாகச் சுருங்குகிறது. வாணலி நிறையக் காய் இருக்கும்போது கண்ணளவில் உப்புப் போட்டால், இறக்கும்போது கரித்துவிடும். சுருங்கிய பிறகு போடுபவருக்கு இந்தத் தடுமாற்றம் இருக்காது.

வாணலியை மூடி வேகவைத்தால் விரைவாக வெந்துவிடாதா?

வெந்துவிடும், ஆனால் பொரியலாக இருக்காது. மூடியில் படியும் ஆவி துளிகளாகித் திரும்பக் காயின் மேலேயே விழுகிறது. வாணலியில் நீர் தேங்கியிருக்கும்வரை காயின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தாண்டாதவரை சிவப்பு நிறமும் வறுத்த மணமும் வராது. காய் சற்று முற்றலாக இருந்து, மென்மை வேண்டுமென்று கருதினால், முதலில் திறந்து வதக்கி, கொழகொழப்பு முழுதும் அடங்கிய பிறகு, இறுதியில் இரண்டு நிமிடம் பாதி மூடி வைக்கலாம். குக்கரில் வைப்பதோ தண்ணீர் தெளிப்பதோ இந்தத் தொடுகறிக்கு ஒத்துவராது.

எத்தனை முறை கிளற வேண்டும்? வெந்ததை எப்படி அறிவது?

கிளறுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கரண்டி படும்போதெல்லாம் மென்மையான துண்டுகள் நசுங்கி, புதிதாகக் கூழ் கசிகிறது. காயைப் போட்டு எண்ணெயில் ஒரு முறை புரட்டிய பின், முதல் இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் விட வேண்டும். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, தோசைத்திருப்பியை அடியில் செலுத்தி, மொத்தமாகத் தூக்கிப் புரட்டினால் போதும். குழிக்கரண்டியால் சுற்றிச் சுற்றிக் கிண்டுவது களி கிண்டத்தான் சரி.

இடையில் ஒரு கட்டம் வரும், அதைக் கண்டு தயங்க வேண்டாம். நான்காம் ஐந்தாம் நிமிட அளவில் கொழகொழப்பு மிகுந்து, கரண்டியைத் தூக்கினால் சிலந்தி நூலைப் போன்ற மெல்லிய இழைகள் துண்டுகளுக்கு இடையே தொங்கும். பொரியல் கெட்டுவிட்டது என்று நினைத்து இந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பவர்களும் தீயைக் குறைப்பவர்களும் உண்டு. தீயை அப்படியே வைத்திருந்தால், அடுத்த மூன்று நான்கு நிமிடங்களில் இழைகள் குறுகி, அறுந்து, மறைந்துவிடும். அதற்குள் வாணலியின் ஓசையும் மாறியிருக்கும். ஈரமுள்ளபோது எழும் 'உஸ்' என்ற தொடர் ஓசை அடங்கி, அங்கங்கே சிறு சிறு பொரிவுச் சத்தமாகும். பச்சை நிறம் சற்று ஆழமாகி, ஓரங்களில் பழுப்புக் கோடு விழுந்து, ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் விதை மட்டும் பல்லில் நெருடி, சதை எதிர்ப்பில்லாமல் போனால் வெந்துவிட்டது.

புளி, எலுமிச்சை, தயிர் சேர்ப்பதால் கொழகொழப்புக் குறையுமா?

குறையும். புளிப்பு இந்தக் கூழின் பிடிப்பைத் தளர்த்தி நீர்த்துப்போகச் செய்கிறது. அதற்கு வாணலி நிறையப் புளிக்கரைசல் ஊற்ற வேண்டியதில்லை. அது நீரையும் சேர்த்துக் கொண்டுவருவதால் பயனைக் கெடுத்துவிடும். கெட்டியான புளிக்கரைசல் ஒரு தேக்கரண்டி, அல்லது அரை எலுமிச்சையின் சாறு, அல்லது புளித்த கெட்டித் தயிர் ஒரு மேசைக்கரண்டி, இம்மூன்றில் ஒன்று 250 கிராமுக்குப் போதுமானது. புளிக்கரைசலையும் தயிரையும் பாதி வதங்கியபோது சேர்த்து, நீர் சுண்டும்வரை விட வேண்டும். எலுமிச்சையை இறக்கும் தறுவாயில் பிழிவதே நல்லது, நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் அதன் மணம் போய்க் கசப்பு தட்டும்.

புளிப்புக்கு ஒரு விலை உண்டு: பச்சை நிறம் மங்கி, காய்ந்த இலையின் நிறத்துக்கு வந்துவிடும். இளங்காயாக இருந்து, ஈரமின்றி நறுக்கி, திறந்து வதக்கினால் புளிப்புத் தேவைப்படாது என்பதே எனது கருத்து. சுவைக்காகச் சேர்ப்பது வேறு.

மிளகாய்த்தூள் ஏன் கருகுகிறது? மசாலாப் பொடிகளை எந்த வரிசையில் சேர்ப்பது?

மஞ்சள்தூளுக்கு நேரம் தேவை, அதனால் அது முதலிலேயே போகலாம். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மென்மையானவை. காய்ந்த எண்ணெயில் நேராக விழுந்தால் சில நொடிகளில் கறுத்து, கசப்பும் இருமலும் தரும். ஆகவே தீயைத் தணித்து, பொடிகளை வாணலியின் அடியில் விழாமல் காயின் மேல் பரவலாகத் தூவி, புரட்டிவிட வேண்டும். எண்ணெய் மிகவும் குறைந்திருந்தால் பொடிகள் வெந்தும் வேகாமலும் காயின் மேல் தூசிபோல் நின்றுவிடும். அப்போது ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஓரமாகச் சுற்றிவிட்டால் காரம் எண்ணெயில் இறங்கி எங்கும் பரவும்.

மிளகாய்க்குப் பதில் மிளகைப் பயன்படுத்துபவர்கள் அதை அப்போதே கரகரப்பாகப் பொடித்து, அடுப்பை அணைத்த பின் சேர்க்கலாம். மொறுமொறுப்பு வேண்டுமென்றால், பொடிகளோடு இரண்டு தேக்கரண்டி அரிசிமாவோ கடலைமாவோ தூவி மேலும் மூன்று நிமிடம் விடலாம். அது மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெல்லிய மேலோடாகிறது. கடலைமாவின் பச்சை வாசனை போகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

வெங்காயம், தக்காளி, தேங்காய் சேர்க்கலாமா?

வெங்காயம் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் அதுவும் நீர் விடும் பொருள். தாளித்தவுடன் வெங்காயத்தைத் தனியாக வதக்கிப் பொன்னிறமாக்கி ஒரு தட்டில் எடுத்து வைத்து, காய் வதங்கிய பிறகு கலப்பதே குழப்பமில்லாத வழி. தக்காளி புளிப்பானது என்பதால் உதவும் என்று தோன்றும். அது கொண்டுவரும் சாறு பொரியலைக் கூட்டாக மாற்றிவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. தேங்காய்த் துருவலை அடுப்பை அணைக்கும்போது தூவினால் போதும். தேங்காய் சேர்த்த பொரியல் விரைவில் ஊசிப்போகும், ஆகவே அன்றே தீர்த்துவிட வேண்டும்.

எண்ணெயைக் குறைத்துச் செய்ய முடியுமா?

முடியும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது. 100 கிராம் வெண்டைக்காயில் இருப்பதோ 33 கலோரி அளவே. எனவே இந்தத் தொடுகறியின் கலோரிக் கணக்கை முடிவு செய்வது பெரும்பாலும் எண்ணெய்தான். ஒட்டாத பூச்சுள்ள வாணலியில் இரண்டு தேக்கரண்டியிலேயே முடித்துவிடலாம், சிவப்பு சற்றுக் குறையும்.

ஓவனில் செய்வதானால், துண்டுகளில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிசறி, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தட்டில் பரப்பி, 220 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் வைத்து, இடையில் ஒரு முறை புரட்ட வேண்டும். ஏர் ஃபிரையரில் 190 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் போதுமானது. இரண்டிலும் பொடிகளைக் கடைசி மூன்று நிமிடத்தில் சேர்க்க வேண்டும். தாளிப்பைத் தனியே செய்து மேலே கொட்டிக்கொள்ளலாம்.

இரும்பு வாணலியில் செய்தால் காய் கறுத்துப்போவது ஏன்?

காயிலுள்ள சில சேர்மங்கள் இரும்போடு வினைபுரிவதால் கறுப்பு நிறம் வருகிறது. தாமிரம், பித்தளையிலும் இது நிகழலாம். உடலுக்குத் தீங்கில்லை, பார்க்கத்தான் நன்றாக இராது. நன்கு பழகி எண்ணெய் ஏறிய இரும்பு வாணலியில், புளிப்புச் சேர்க்காமல் செய்து, முடிந்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் தெரியாது. எந்த உலோகமானாலும் அடி கனமாகவும் வாய் அகலமாகவும் இருப்பது முக்கியம்.

சிவப்பு வெண்டைக்காயை வதக்கினால் பச்சையாகிவிடுகிறதே?

சிவப்பைத் தரும் நிறமி சூட்டில் சிதைந்து மறைகிறது. அடியில் ஏற்கெனவே இருந்த பச்சை வெளியே தெரிகிறது. சுவையில் வேறுபாடு சொல்லும்படி இல்லை.

ஒரு கிலோ காயை ஒரே முறையில் வதக்கலாமா?

வழக்கமான வீட்டு அடுப்பில் வேண்டாம். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால், கீழே உள்ளவற்றின் ஆவியில் மேலே உள்ளவை அவிகின்றன. அடியில் ஓர் அடுக்கு, மிஞ்சினால் ஒன்றரை அடுக்கு என்ற கணக்கில் மூன்று நான்கு ஈடுகளாக வதக்கி எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உப்பும் பொடிகளும் சேர்க்கலாம்.

உறைந்த வெண்டைக்காய் உதவுமா?

அவசரத்துக்கு உதவும். உறையும்போது உயிரணுக்கள் உடைந்துவிடுவதால் கொழகொழப்பு அதிகமாக இருக்கும். பனி உருக விடாமல், நன்கு காய்ந்த வாணலியில் நேராகப் போட்டு, தீயைக் கூட்டி வதக்க வேண்டும். உருகவிட்டால் அது நீரில் ஊறியதற்குச் சமம்.

இதில் என்ன சத்து உள்ளது? யாராவது தவிர்க்க வேண்டுமா?

100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து, 80 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து, 23 மில்லிகிராம் வைட்டமின் சி, 60 மைக்ரோகிராம் ஃபோலேட் உள்ளன. வைட்டமின் சி சூட்டில் ஓரளவு குறைந்துவிடும். வெண்டைக்காயில் வைட்டமின் கே இருப்பதால், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர் ஒரு வாரம் நிறையவும் மறு வாரம் ஒன்றுமில்லாமலும் உண்ணாமல், அளவை ஒரே சீராக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய்க்கு இது மருந்தாகும் என்று சொல்லப்படுவதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. காயாக உண்பதில் தடையில்லை.

வாங்கிய காயை எப்படிச் சேமிப்பது?

கழுவாமல், காகிதத்திலோ துணியிலோ சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும். 7 டிகிரிக்குக் கீழான குளிரில் நெடுநாள் இருந்தால் காயில் குழிவிழுந்த கறுப்புப் புள்ளிகள் தோன்றும், ஆகவே பெட்டியின் குளிர் மிகுந்த மேல்தட்டு இதற்கு ஏற்றதன்று. பழுக்கும் பழங்களோடு சேர்த்து வைத்தால் விரைவில் மஞ்சளாகும்.

பொரியல் ஏற்கெனவே கொழகொழத்துவிட்டது. சரிசெய்ய வழி உண்டா?

உண்டு. இன்னும் அகலமான வாணலிக்கு மாற்றி, பரப்பி, தீயைக் கூட்டி, ஐந்து நிமிடம் கிளறாமல் விட வேண்டும். அதன் பிறகும் அடங்காவிட்டால் எலுமிச்சைச் சாறு சில துளிகளும் ஒரு தேக்கரண்டி அரிசிமாவும் சேர்க்கலாம். துண்டுகள் குழைந்தே போயிருந்தால் வறட்ட முயல வேண்டாம். புளிக்கரைசல் ஊற்றிக் குழம்பாக்கிவிடுவதே காயை வீணாக்காத வழி.

மீந்ததை மறுநாள் சூடாக்கலாமா?

தேங்காய் சேர்க்காதது என்றால், ஆறியவுடன் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாள் வரை பயன்படுத்தலாம். சூடாக ஆவி பறக்கும்போதே மூடினால் மூடியில் படிந்த நீர் பொரியலை நனைத்துவிடும். சூடாக்கும்போது மைக்ரோவேவைவிடத் திறந்த வாணலி மேலானது. எண்ணெய் சேர்க்காமல் மிதமான தீயில் மூன்று நிமிடம் பரப்பி வைத்தால் போதும்.

வெண்டைக்காய் நறுக்கினால் கை அரிக்கிறது. என்ன செய்வது?

காயின் மேலுள்ள சுணை சிலரது தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கழுவியபின் முரட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தால் சுணையில் பெரும்பகுதி போய்விடும். அப்போதும் அரித்தால் கையுறை அணிந்து நறுக்கலாம். சமைத்த காய் அரிப்பதில்லை. உண்ட பின் வாயோ உதடோ வீங்கினால் அது சுணையால் வருவதன்று, ஒவ்வாமையாக இருக்கலாம். காயை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.